பாத்திரங்களின் பூர்வீகம்

எவர்சில்வர் வாங்க வருகிறவர்களில் சிலர் பையில் காந்தம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ரிட்டயர்டு ஆன சார்கள்தான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பிள்ளையார், எது கிடைத்ததோ அது. தாம்பாளத்தைக் கவிழ்த்து அடியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் முகம் மலரும். ஒட்டிவிட்டால், "என்னம்மா, இரும்பைத் தூக்கித் தலையில கட்டுறீங்களே" என்று விலையைக் குறைக்கச் சொல்வார்கள். கும்பகோணத்தில் எங்கள் பாத்திரக் கடையின் கல்லாவில் உட்கார்ந்த நாள்முதல் நான் பார்க்கும் காட்சி இது. இப்போது இன்டக்‌ஷன் அடுப்பு வந்துவிட்டதா, அதே காந்தத்தோடு அவர்கள் வீட்டு மருமகள்கள் வருகிறார்கள். "அக்கா, இது ஒட்டவே இல்லையே, வேற எடுங்க" என்கிறார்கள். மாமனார் வேண்டாமென்று தள்ளியதை மருமகள் தேடி எடுத்துப் போகிறாள்.

இன்டக்‌ஷன் அடுப்புக்கு மருமகளின் சோதனை சரிதான். தரம் பார்க்க மாமனாரின் சோதனை பாதிதான் சரி. குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்த 304 ரகத் தகட்டில் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் ஒட்டும். ஆனால் அதுவும் அசல் எவர்சில்வர்தான். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்துவிட்டு மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசைத் தகடு ஒன்று இருக்கிறது. மலிவு. தரமும் ஒரு படி கீழே. அதிலும் காந்தம் ஒட்டாது! போதாததற்கு, நல்ல 304 தகட்டையே ஆழமாக இழுத்துக் குண்டானாக்கினால் மடிப்பில் லேசாக ஒட்ட ஆரம்பித்துவிடும். ஆக, தரத்தைப் பொறுத்தவரை காந்தத்தை நம்பி முடிவுக்கு வருவது சரிவராது.

இப்படிச் சோதிக்கிறவர்களிடம், கடையில் கூட்டமில்லாத நேரமாக இருந்தால், தாம்பாளத்தின் தாய்வீட்டுக் கதையை எடுத்துவிடுவேன். பாத்திரக் கடைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு, விற்கிற சாமான் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. எங்கள் கடையில் இருக்கும் சாமானில் பெரும்பாலானது அடுப்படிக்கென்று பிறந்ததே இல்லை.

தாம்பாளத்தின் தாய்வீடு துப்பாக்கி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஓர் ஊர், கத்திக்கும் உருக்குக்கும் பேர்போனது. அங்கே உருக்கு வார்க்கும் தொழிலாளியின் மகனாக 1871-ல் பிறந்தவர் ஹாரி பிரியர்லி. சின்ன வயதிலேயே படிப்பு நின்றுபோய், ஓர் உருக்காலையின் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் பையனாகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, பிற்பாடு அதே ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கே தலைவரானார். 1912-ல் அவரிடம் ஒரு வேலை வந்தது. துப்பாக்கி சுடச் சுட, அந்தச் சூட்டில் குழாயின் உட்புறம் அரித்து அகன்றுபோகிறது. அரிக்காத உருக்கு வேண்டும் என்றார்கள். அவர் குரோமியத்தைக் கூட்டிக் கூட்டி வார்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று வார்த்ததில் குரோமியம் 12.8 சதவீதம்.

இதற்குப் பிறகு பரவியிருக்கும் கதை உங்களில் பலர் கேட்டதாக இருக்கலாம். உதவாதென்று குப்பையில் எறிந்த துண்டுகளில் ஒன்று மட்டும் மாதக்கணக்கில் துருப்பிடிக்காமல் பளபளத்ததாம், அவர் கண்ணில் பட்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது அதைவிட நிதானமான விஷயம். உருக்கின் உள்ளமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதை அமிலத்தால் லேசாக அரிக்க வேண்டும்; அப்போதுதான் மணிகள் தெரியும். இந்தத் துண்டை அமிலம் கடிக்கவில்லை. வினிகரை ஊற்றினார், எலுமிச்சைச் சாற்றை ஊற்றினார். ஒன்றும் ஆகவில்லை. கத்தி செய்யும் ஊரில் வளர்ந்தவருக்கு அந்த இடத்தில் துப்பாக்கி மறந்து கத்தி ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பழம் நறுக்கிய கத்தியை உடனே துடைத்துத் தேய்த்து வைக்காவிட்டால் கறை பிடித்துவிடும்.

முதலாளிகள் அக்கறை காட்டவில்லை. பட்டறைக்காரர்கள் செய்து பார்த்துவிட்டு, இதை அடிக்கவும் முடியவில்லை, தீட்டவும் முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மகானுபாவர் என்று ஊரே கேலி செய்தது. கடைசியில் மோஸ்லி என்ற கத்திக் கம்பெனியின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட்தான் பிடிவாதமாக நின்று, எந்தச் சூட்டில் அடித்தால் இது படியும் என்று கண்டார். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற பேர் வைத்ததும் அவர்தான். யாருக்கு உரிமை என்ற சண்டையில் பிரியர்லி 1915-ல் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

கத்திதான் அவருடையது, நாம் சாப்பிடும் தட்டு இன்னொரு கிளை. அதே காலத்தில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், குருப் ஆலையில் பென்னோ ஸ்ட்ராஸ், எட்வார்ட் மவுரர் என்ற இருவர் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்து 1912-ல் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இரண்டு நாடும் யுத்தத்தில் மோதி ஓய்ந்த பிறகு, பிரியர்லி விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்த ஹாட்ஃபீல்டு என்பவர் 1924-ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்ற கணக்கைக் கொண்டுவந்தார். சில பாத்திரங்களின் அடியில் 18/8 என்று குத்தியிருக்கும். பில் நம்பரோ என்று கேட்பவர்கள் உண்டு. அது இந்தக் கணக்குதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அது காற்றோடு சண்டை போடாமல் இருப்பது அல்ல. மேலே இருக்கும் குரோமியம் முந்திக்கொண்டு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகிவிடுகிறது. கீறினால் கீறிய இடத்தில் மறுபடி படலம் கட்டும். அதனால்தான் நீங்கள் எவ்வளவு தேய்த்தாலும் தாங்குகிறது. ஆனால் உப்புக்கு இந்தப் படலம் பயப்படும். "புதுக் குண்டான், அடியில புள்ளி புள்ளியா விழுந்துடுச்சு" என்று புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே வைத்தீர்களா என்பதைத்தான். கரையாமல் அடியில் தங்கிய உப்பு ஊசி குத்தினாற்போலக் குழி விழச் செய்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டால் இந்த வம்பு இல்லை.

என் மாமனார் கடை தொடங்கிய காலத்தில் எவர்சில்வருக்கு ஒரே ஒரு அலமாரிதானாம். மற்றதெல்லாம் பித்தளை, வெண்கலம், செம்பு. பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்பதால் உள்ளே ஈயம் பூச வேண்டும். அதற்கென்று ஆட்கள் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். வாசலில் குழி தோண்டிக் கரியைக் கொட்டித் துருத்தி வைத்து ஊதுவார்கள். பாத்திரம் பழுத்ததும் நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத் துண்டை ஓர் இழுப்பு இழுத்து, துணிப் பந்தால் சுற்றித் தேய்த்தால் பழுப்புப் பாத்திரம் வெள்ளியாகிவிடும். நவச்சாரப் புகையில் எல்லோருக்கும் இருமல் வரும். எவர்சில்வர் வந்து அந்தத் தொழிலை மூட்டை கட்ட வைத்தது. எங்களுக்கும் ஒரு போட்டி முளைத்தது. பழைய பட்டுப் புடவைக்கும் பேண்ட் சட்டைக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறவர்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மத்தியானத்தில், ஆண்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். ஜரிகைப் புடவைக்கு ஒரு தூக்குச்சட்டி வாங்கிக்கொண்டு ஏமாந்த கதை ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. மாமனார் கடைசிவரை அவர்களை மன்னிக்கவில்லை.

நான்ஸ்டிக் தோசைக்கல்லின் கதையில் எனக்குப் பிடித்த இடம் தராசு. எங்கள் தொழிலே எடையில் நடப்பதால் இருக்கலாம். 1938 ஏப்ரல் 6. அமெரிக்காவில் நியூஜெர்சியில் டூபான்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடம். ராய் பிளங்கெட் என்ற இருபத்தேழு வயது வேதியியலாளர் ஃபிரிட்ஜுக்குப் புது வாயு தேடிக்கொண்டிருந்தார். டெட்ராஃபுளூரோஎத்திலீன் என்ற வாயுவை சிலிண்டர்களில் அடைத்து, குளிரில் வைத்திருந்தார். உதவியாளர் ஜாக் ரீபாக் ஒரு சிலிண்டரின் வால்வைத் திறந்தால் வாயு வரவில்லை. ஓட்டை வழியே போயிருக்கும் என்று ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். நம் வீட்டில் கேஸ் தீர்ந்துபோனால் அப்படித்தானே செய்வோம். அவர்கள் அதைத் தூக்கித் தராசில் வைத்தார்கள். எடை குறையவே இல்லை. அப்படியானால் சரக்கு உள்ளேதான் இருக்கிறது. சிலிண்டரை ரம்பத்தால் அறுத்தார்கள். உட்சுவரில் வெள்ளைத் தூள். விரலில் தேய்த்தால் வழுக்கியது. எந்த அமிலத்துக்கும் அசையவில்லை.

அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் உடனே தெரியவில்லை. முதல் பெரிய உபயோகம் அணுகுண்டுத் திட்டத்தில் கிடைத்தது. யுரேனியத்தைப் பிரிக்கும் ஆலையில் ஓடும் வாயு, குழாய் இணைப்பில் எந்தப் பொருளை வைத்தாலும் தின்றுவிடும். இந்த வெள்ளைப் பொருளை மட்டும் தின்னவில்லை. அதுதான் டெஃப்லான். யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து, பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்ற இன்ஜினீயர் தன் மீன்பிடி சாமான்கள் சிக்காமல் வழுக்கட்டும் என்று அதைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோலெட், இதை என் வாணலியில் பூசிக் கொடுங்களேன் என்றார். 1954-ல் அது பலித்தது. 1956-ல் டெஃபால் கம்பெனி தொடங்கினார்கள். எதிலும் ஒட்டாத பொருளை அலுமினியத்தில் எப்படி ஒட்ட வைப்பது? அலுமினியத்தை அமிலத்தால் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கி, அந்தக் குழிகளுக்குள் பூச்சைப் பிடிக்கச் செய்தார்கள்.

சிலிண்டரை எடை போட்டவர்களுக்குக் கிடைத்த பேர் கோலெட்டுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் கேட்டிருக்காவிட்டால் அது தூண்டிலோடு நின்றிருக்கும். சரி, அவ்வளவு பாடுபட்டு வந்த கல்லை நம்மவர்கள் கம்பி நாரால் தேய்த்து ஒரே மாதத்தில் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். மரக்கரண்டி, மெல்லிய ஸ்பாஞ்சு, மிதமான தீ. வெறும் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் பேசப் போகாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு கெட ஆரம்பித்துவிடும்.

பிளாஸ்டிக் குடம் எங்கள் கடை வாசலில் தோரணமாகத் தொங்கினாலும் அதன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1933 மார்ச்சில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் கடும் அழுத்தத்தில் வேறெதையோ செய்யப் போய், கலத்தில் மெழுகு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். யுத்தத்தில் ராடார் கேபிள்களுக்கு உறையாகி ரகசியச் சரக்காக இருந்தது. 1953-ல் ஜெர்மனியில் கார்ல் ஸீக்லர் அவ்வளவு அழுத்தம் இல்லாமலே உறுதியான வகையைச் செய்யும் வழியைக் கண்டார். குடமாகவும் வாளியாகவும் நம் வீட்டுக்கு வந்தது அந்த உறுதியான வகை. பித்தளைக் குடத்தைச் சீரில் வைத்துவிட்டு, தண்ணீர் லாரிக்குப் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடுகிறோம். இடுப்புக்கு அதுதான் தோது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஃபிளாஸ்க் விஷயம் வேறு. அது வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் யாரையோ சேர்த்துவிட்டு அவசரமாக வருகிறவர்கள். பேரம் பேச மாட்டார்கள். சூடு நிற்குமா என்று மட்டும் கேட்பார்கள். நிற்கும். ஆனால் அதைச் செய்தவர் நினைத்தது நேர் எதிர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டேவார் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாயுக்களைக் குளிர வைத்துத் திரவமாக்கிக்கொண்டிருந்தார். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான டிகிரி. கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றினால் வெளிச்சூட்டில் நொடியில் கொதித்துப் பறந்துவிடும். 1892-ல் அவர் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொன்றை வைத்து, இரண்டுக்கும் இடையில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தார். சூட்டைக் கடத்தக் காற்று இல்லை. சூடு கதிராகப் பாய்வதைத் தடுக்க உட்புறம் வெள்ளி பூசினார். 1898-ல் ஹைட்ரஜனையே திரவமாக்கிய மனிதர் அவர். குளிர் வெளியே போகாமல் காக்கிற பாத்திரம் சூட்டையும் காக்கும் என்பதை வியாபாரமாகப் பார்த்தவர் அவர் அல்ல, ஜெர்மனியில் கண்ணாடி ஊதும் தொழில் செய்த ரைன்ஹோல்ட் பர்கர். உலோக உறையும் மூடியும் போட்டு, 1904-ல் தெர்மாஸ் என்ற பேரில் கம்பெனியே தொடங்கிவிட்டார். டேவார் வழக்குப் போட்டார். காப்புரிமை வாங்கி வைக்கவில்லை என்பதால் தோற்றார்.

கண்ணாடி ஃபிளாஸ்க்கின் அடியைத் திறந்து பார்த்தால் ஒரு சின்னக் கண்ணாடி முளை தெரியும். காற்றை உறிஞ்சி எடுத்து உருக்கி மூடிய இடம் அதுதான். பாத்திரம் கழுவும்போது அந்த முனை நறுக்கென்று ஒடிந்தால், குடுவை முழுசாக இருந்தாலும் ஃபிளாஸ்க் செத்தது. வெளிப்புறம் கதகதப்பாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். முழு ஃபிளாஸ்க் வாங்க வேண்டாம்; உள்கண்ணாடி தனியாகவே கிடைக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து அடுப்படிக்கு வந்தவை. நேர்மாறாக, அடுப்படிக்கென்றே பிறந்து வெளியே போய், உலகத்தையே ஒரு புரட்டு புரட்டிவிட்டு, கிட்டத்தட்ட இருநூற்றெண்பது வருஷம் கழித்து நம் வீட்டுக்கு வந்த சாமான் ஒன்று இருக்கிறது. குக்கர்.

பிரான்ஸில் 1647-ல் பிறந்த டெனி பாபின் வைத்தியத்துக்குப் படித்தவர். புராட்டஸ்டன்ட் மதத்தவர் என்பதால் அந்த நாட்டில் அவருக்கு இருப்பு சரிப்படவில்லை. லண்டனுக்கு வந்து, காற்றழுத்தத்தைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் நாம் படிக்கிற ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். ஏழைகளுக்குச் சத்தான சாப்பாடு மலிவாகக் கிடைக்க வேண்டும்; எலும்பைத் தூக்கி எறிகிறார்கள், அதில் எவ்வளவோ சத்து இருக்கிறது; சாதாரணப் பானையில் நாளெல்லாம் கொதித்தாலும் எலும்பு மசிவதில்லை. இதுதான் அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை. தடித்த உலோக உருளை ஒன்று, திருகாணிகளால் இறுக்கிய மூடி. 1679-ல் அறிஞர் கூட்டமான ராயல் சொசைட்டியில் அதைக் காட்டினார். எலும்பைச் செரிக்க வைக்கும் கலம் என்ற பொருளில் பேர் வைத்து, 1681-ல் புத்தகமும் போட்டார்.

வெறுமனே மூடியை இறுக்கினால் வெடிக்கும் என்பதையும் அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். மூடியில் ஒரு துளை, துளையின்மேல் ஓர் அடைப்பு, அடைப்பை அழுத்திப் பிடிக்க ஒரு நீண்ட கோல், கோலின் நுனியில் ஓர் எடைக்கல். உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். உங்கள் குக்கர் மூடியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, வெயிட், அதற்குப் பாட்டன் அந்த எடைக்கல். உள்ளே எவ்வளவு சூடு என்று அறிய மூடியின்மேல் சிறு குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது ஆவியாக எவ்வளவு நேரம் என்று ஊசலை ஆடவிட்டு எண்ணினார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று நாம் நீர் தெளித்துப் பார்ப்பதற்கு ஒரு கடிகாரம் சேர்த்தாற்போல.

1682 ஏப்ரல் 12 அன்று ராயல் சொசைட்டிக்காரர்கள் சிலர் இந்தக் கலத்தில் சமைத்த விருந்து சாப்பிட்டார்கள். ஜான் ஈவ்லின் என்பவர் தன் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி மாதிரி மெத்தென்று வெந்திருந்தனவாம். எல்லாம் சமைக்கச் செலவான கரி எட்டு அவுன்ஸுக்கும் குறைவு, கால் கிலோகூட இல்லை. புறா இறைச்சி தனக்கு ரொம்பப் பிடித்ததாகவும் சொல்கிறார். பெரிய படிப்பாளிகள்தான், ஆனாலும் அந்தக் குறிப்பில் விஞ்ஞானத்தைவிட சாப்பாட்டு ருசிதான் தூக்கலாக இருக்கிறது.

விருந்து நடந்ததே ஒழிய, குக்கர் வீடுகளுக்குள் போகவில்லை. கனமான வார்ப்பு, இறுக்கித் திருக வேண்டிய ஆணிகள், வெடித்துவிடுமோ என்ற பயம். ஆனால் நீராவிக்கு எடையைத் தூக்கும் தெம்பு இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பாபினின் யோசனை வேறு பக்கம் போனது. 1690-ல், ஜெர்மனியில் பேராசிரியராக இருந்தபோது, உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை நீராவியால் இயக்கலாம் என்று எழுதி, சின்ன மாதிரியும் செய்து காட்டினார். 1712-ல் தாமஸ் நியூகாமன் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க நீராவி இயந்திரத்தை ஓட்டினார். அங்கிருந்து ரயில்வரை வந்த கதை உங்களுக்குத் தெரியும். பாபினோ லண்டனுக்குத் திரும்பி வந்து, ஆதரிக்க ஆளில்லாமல், 1713 வாக்கில் வறுமையில் செத்துப்போனார்.

குக்கர் இன்னொரு வேலைக்கும் போயிற்று. 1879-ல் பாரிஸில் லூயி பாஸ்டரின் சீடர் ஷார்ல் ஷாம்பர்லான், சாதாரணக் கொதிநீரிலும் சாகாத கிருமிகளைக் கொல்ல நீராவி அழுத்தக் கலம் ஒன்றைச் செய்தார். ஆப்பரேஷன் கத்திகளை அவிக்கும் ஆட்டோகிளேவ் அதுதான். அதில் வைக்கும் சூடு 121 டிகிரி. உங்கள் வீட்டுக் குக்கரின் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய அதே சூடு.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்குமேல் எவ்வளவு தீ எரித்தாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் ஆவியாகும். குக்கருக்குள் வெளியே இருப்பதைவிட ஒரு மடங்கு அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120-க்கு ஏறுகிறது. அந்த 20 டிகிரிதான் துவரம்பருப்பை மசிக்கிறது. ஊட்டியில் காற்று மெலிந்திருப்பதால் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பு வேகாமல் திண்டாடும். மலைக்கு மாற்றலாகிப் போகிற வாத்தியார்கள் முதல் சாமானாகக் குக்கர் வாங்குவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நம் நாட்டில் குக்கர் என்ற பேர் இந்தக் குக்கருக்கு முன்பே வந்துவிட்டது. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற டாக்டர் 1910-ல் ‘இக்மிக் குக்கர்’ செய்தார். உருளைக்குள் டிபன் கேரியர் மாதிரி அடுக்குகள், கீழே கரி; சோறும் பருப்பும் காயும் ஆவியில் தானாக வெந்துகிடக்கும். நம் பக்கம் இதே ஜாதியில் ருக்மணி குக்கர். பித்தளையில் உயரமாக இருக்கும். பழைய பாத்திரம் போட வருகிறவர்கள் எப்போதாவது ஒன்றைக் கொண்டுவருவார்கள்; எடை போடும் பையனுக்கு அது என்னவென்றே தெரியாது. இவற்றில் அழுத்தம் கிடையாது, வெறும் ஆவிதான். விசிலடிக்கும் குக்கர் இங்கே தயாராக ஆரம்பித்தது 1959-ல். ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் இரண்டுமே இங்கிலாந்துக் கம்பெனிகளின் கூட்டோடு அந்த ஆண்டு இறங்கின. பிரஸ்டீஜ் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆரம்பித்த டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றின் மூடி உள்ளே போய்ப் பொருந்தும், மற்றதன் மூடி வெளியே. எது நல்லது என்று எங்கள் கடையில் நாத்தனாரும் அண்ணியும் மணிக்கணக்கில் வாதாடியதுண்டு.

ஒரு முறை ஒருவர் மூடியை எடுத்து வந்து, சேஃப்டி வால்வு ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று போகிறது, ஈயத்தை ஊற்றி அடைத்துக் கொடுங்கள் என்றார். நான் மூடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத்தோல் அடைத்துக் கெட்டியாகியிருந்தது. ஆவி போக வழியில்லாமல் சூடு ஏறி, வால்வுக்குள் இருக்கும் சீக்கிரம் உருகும் உலோகம் உருகி வழிவிட்டிருக்கிறது. அது செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்திருக்கிறது. அதை அடைத்திருந்தால் அடுத்த முறை மூடியே கூரைக்குப் போயிருக்கும். குழாயில் ஊக்கை விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, புது வால்வு மாட்டி அனுப்பினேன். பருப்பு வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மூடும் முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரப்பர் கெட்டித்துப் போனால் உடனே மாற்றுங்கள்.

இன்னொன்று, விசில் கணக்கு. வெயிட் எழும்பிவிட்டது என்றால் உள்ளே ஏற வேண்டிய சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் தீயைத் தூக்கினால் சூடு ஏறாது, விசில்தான் அடுத்தடுத்து வரும். அதனால் முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து நிமிஷக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். குக்கரோடு வரும் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை. பில் போட்டு முடித்ததும் கேள்வி வரும்: "அக்கா, பருப்புக்கு எத்தனை விசில்?" தீயைப் பொறுத்தது, பருப்பைப் பொறுத்தது, நிமிஷம் பாருங்கள் என்று விளக்கம் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் நான் மூன்று என்று சொல்லிவிடுகிறேன்.